கை கழுவுகிற இடத்தில் ஓர் ஆள்

1

போன வெள்ளிக்கிழமை அலுவலகத்தில் எனக்காகக் கேக் வெட்டினார்கள். இந்தத் திரைச்சீலைக் கம்பெனியில் நான் சேர்ந்து பத்து வருடம் முடிந்துவிட்டதாம். இங்கிலாந்தில் இதற்கெல்லாம் குறைச்சல் இல்லை. வருடம் பூராவும் உங்களிடம் ஒரு வார்த்தை பேசாதவர்கள்கூட அன்றைக்கு வாழ்த்து அட்டையில் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஆளுக்கொரு துண்டு எடுத்துக்கொண்டு போவார்கள்.

கேக்கை வெட்டிக் கொடுத்தவர் செல்வமணி. எனக்கும் ஒரு துண்டை நீட்டினார். சிரித்த முகமாக வாங்கி மேசையில் வைத்தேன். அவர் தலை மறைந்ததும் குப்பைத் தொட்டியில் போட்டேன்.

எங்கள் நாகலாபுரம் பக்கத்து வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பகை என்று வந்துவிட்டால் அந்த வீட்டில் நாம் கை நனைக்க மாட்டோம். என் அத்தை ஒருத்தி பக்கத்துப் புஞ்சைக்காரர் வரப்பை வெட்டினார் என்பதற்காக அவர் வீட்டுக் கல்யாணம், காதுகுத்து, சாவுத் துட்டி எதற்கும் போகாமலே செத்துப்போனாள். இங்கே அலுவலகத்தில் மனநலம் பற்றி ஒரு வகுப்பு நடத்தி, கோபத்தை விட்டுவிடுங்கள், இலகுவாக இருக்கும் என்றார்கள். எனக்கு அது இருக்கும்போதுதான் இலகுவாக இருக்கிறது. நான் என்ன செய்ய?

2

செல்வமணி என்பது நான் வைத்த பெயர். ஆள் நிஜம். கோவில்பட்டிக்காரர். அவர் அப்பா தீப்பெட்டி ஆபீஸ் நடத்தியவர். நம் பக்கத்தில் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதானே சொல்கிறோம். மகன் சென்னையில் படித்து, லண்டனில் மேல்படிப்பு முடித்து, நான் வேலை பார்க்கும் லெஸ்டர் பக்கத்துக் கம்பெனிக்கு மேனேஜராக வந்தார். அப்போது நான் அங்கே சேர்ந்து நாலைந்து வருடம் ஆகியிருந்தது. வாடிக்கையாளர்கள் போன் செய்தால் எடுத்துப் பேசுவது என் வேலை.

ஊர்க்காரர் வந்துவிட்டார் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. குடும்பம் வந்து சேரும் வரைக்கும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. என் வீட்டுக்காரர் பஸ் ஓட்டிவிட்டு அலுத்து வந்தாலும் அவரை அழைத்துவரக் காரை எடுத்துக்கொண்டு கிளம்புவார். "அக்கா, இந்தக் கம்மங்கூழுக்கும் மோர் மொளகாய்க்கும் எத்தனை நாளாச்சு தெரியுமா?" என்பார் செல்வமணி. எனக்குக் கண் கலங்கும்.

அலுவலகத்தில் முதல் வாரமே நான் ஒரு தப்புச் செய்தேன். எல்லோரும் இருக்கும்போது, "அண்ணாச்சி, லைன்ல ஒரு ஆள் இருக்காவ" என்று குரல் கொடுத்துவிட்டேன். அவர் முகம் சுண்டிப்போனது. பிறகு காப்பி இயந்திரத்துக்குப் பக்கத்தில் வைத்துச் சொன்னார்.

"வீட்டுல கூப்பிடுங்க, எனக்குச் சந்தோசந்தான். இங்கன வேண்டாம். இவங்க முன்னால நான் செல்."

செல் என்றால் செல்வமணி. வெள்ளைக்காரர்கள் வாய்க்குத் தக்கபடி வெட்டிக்கொண்டார். அதையும் நான் தப்பாக எடுக்கவில்லை. என் மகள் கவிதா பள்ளிக்கூடத்தில் கேவ் ஆகி வெகு நாளாகியிருந்தது.

3

அந்த நேரத்தில்தான் கம்பெனி தபால் ஆர்டரை விட்டுவிட்டு இணையதளத்துக்கு மாறியது. இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் இருக்கும். இணையதளத்தில் ஜன்னலை அளப்பது எப்படி என்று ஒரு பக்கம் உண்டு. செல்வமணியே உட்கார்ந்து எழுதிய பக்கம் அது. ஜன்னலின் அகலத்தையும் உயரத்தையும் அளந்து அனுப்புங்கள் என்று எழுதியிருந்தார்.

திரைச்சீலை வாங்குகிறவர் ஜன்னலை அளக்கக் கூடாது. மேலே அது தொங்குகிற கம்பியை அளக்க வேண்டும். கம்பியிலிருந்து தரை வரைக்கும் அளக்க வேண்டும். ஜன்னலை மட்டும் அளந்தால் சீலை கட்டையாகத்தான் வரும். வந்தது. போன் மேல் போன். நான் ஒவ்வொருவருக்கும் பொறுமையாகக் கம்பிக் கணக்கைச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஊரில் ஓட்டப்பிடாரம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவள் நான். அளவு சொல்லிக் கொடுக்க எனக்குத் தெரியாதா?

செல்வமணியிடம் போய், "அந்தப் பக்கத்தை மாத்துங்க" என்றேன்.

"அக்கா, அது நான் எழுதுனது. முதலாளியம்மா பார்த்து ஓகே பண்ணது. இப்ப மாத்துனா நம்ம பேருல்ல கெடும்?"

நம்ம பேர் என்றார். சரி என்று வந்துவிட்டேன். ஆனால் ஒரு நாள் ஒரு கிழவர் போனில் கத்து கத்தென்று கத்தியபோது, "ஐயா, அந்தப் பக்கத்தில் இருப்பது தப்பு, அதைப் பார்க்காதீர்கள்" என்று உண்மையைச் சொன்னேன். அவர் அதை அப்படியே மின்னஞ்சலில் மேனேஜருக்கு எழுதிவிட்டார்.

அடுத்த வாரம் என்னை ஓர் அறைக்குக் கூப்பிட்டார்கள். இங்கே ஒருவரைக் குத்துவதற்கு முன்னால் தண்ணீர்க் குவளை வைப்பார்கள். எனக்கும் வைத்தார்கள். ஆள் எடுக்கிற பிரிவிலிருந்து ஒரு பெண், அவள் பக்கத்தில் செல்வமணி. அவர் ஆங்கிலத்தில் சொன்னார்: "பார்வதியின் உச்சரிப்பு புரியவில்லை என்று வாடிக்கையாளர்கள் பலர் புகார் சொல்கிறார்கள். அவர் நலனை முன்னிட்டே அவரைத் திரும்பி வரும் பார்சல்களின் அறைக்கு மாற்றலாம் என்று நினைக்கிறோம்."

என் வீட்டில் கம்மங்கூழ் குடித்த வாய். நான் அவரையே பார்த்தேன். அவர் தண்ணீர்க் குவளையைப் பார்த்தார்.

அன்று வீட்டில் அழுதேன். மகள் சோபாவில் கால் நீட்டிக்கொண்டு ஆங்கிலத்தில் கேட்டாள்: "அம்மா, கோபப்படாதே. ஆனால் அவர் சொன்னது ஓரளவு சரிதானே? என் பிரெண்ட்ஸுக்கும் நீ பேசுவது புரியவில்லை."

செல்வமணியை அப்போதுகூட மன்னித்திருப்பேனோ என்னவோ. என் மகளை அப்படிச் சொல்ல வைத்ததற்காக அவரை விடக்கூடாது என்று முடிவு செய்தேன்.

4

திரும்பி வரும் பார்சல்களின் அறைக்கு ஜன்னல் கிடையாது. காலையிலிருந்து மாலை வரை நான் கட்டைச் சீலைகளைப் பிரித்து, உதறி, மடித்து அடுக்கினேன். எல்லாம் அந்த ஒரு பக்கத்தின் கைங்கரியம். ஒவ்வொரு சீலையை மடிக்கும்போதும் செல்வமணியை ஒரு வசவு வைவேன். தமிழில் உரக்கவே வைவேன். அந்த அறையில் கேட்க யாரும் இல்லை என்பது ஒரு வசதி.

எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். புகார் சொன்ன அந்தப் பலர் யார்? நிஜமாகவே யாராவது சொன்னார்களா, இல்லை தன் பக்கத்தைக் காப்பாற்ற என் நாக்கைப் பலி கொடுத்தாரா? அதை வாடிக்கையாளர் வாயாலேயே கேட்க வேண்டும்.

வழியைக் காட்டியது கவிதாதான், தெரியாமலே காட்டினாள். அவள் பார்த்துக்கொண்டிருந்த ஏதோ செருப்புக் கடையின் இணையதளத்தில் ஓரமாக ஒரு சின்னப் பட்டை தெரிந்தது. இந்தப் பக்கம் எப்படி இருக்கிறது என்று அதில் எழுதியிருந்தது. அழுத்தினால் சிரிக்கிற முகம், உம்மணாமூஞ்சி, கீழே எழுத ஒரு பெட்டி. எழுதினால் கடைக்காரருக்கு உடனே போய்ச் சேரும். "ஏட்டி, இத எல்லாப் பக்கத்துலயும் வைக்கலாமா?" என்று கேட்டேன். "வைக்கலாமே, யாரு வேணும்னாலும் வாங்கலாம்" என்றாள்.

நம் இணையதளத்திலும் அந்தப் பெட்டியை வைக்கலாம் என்று சொல்ல மறுநாளே செல்வமணியிடம் போனேன். மூன்று மாதம் என் முகத்தைப் பார்க்காமல் இருந்தவர், நானே வந்து பேசியதில் நெகிழ்ந்துவிட்டார். நான் பழசை மறந்துவிட்டேன் என்று எண்ணிக்கொண்டார். எண்ணிக்கொள்ளட்டும் என்று விட்டேன்.

"நம்ம சைட்டுல யாரும் குறை சொல்லலியேக்கா. எதுக்கு வேலியில போறத எடுத்து வேட்டிக்குள்ள விடணும்?" என்றார் முதல் முறை. இரண்டாம் முறை, பாதுகாப்புப் பிரிவில் கேட்க வேண்டும், தனிமனிதத் தகவல் சட்டம் இருக்கிறது, மூன்று படிவம் நிரப்ப வேண்டும் என்றார். அந்தப் படிவங்களை நானே நிரப்பிக் கொண்டுபோனேன். "பார்ப்போம்" என்று இழுப்பறைக்குள் போட்டார்.

அப்போதுதான் அவர் அப்பாவைப் பிடித்தேன்.

5

என் அப்பா கோவில்பட்டி வட்டாரத்தில் கல்யாணச் சமையல் எடுத்துச் செய்தவர். தீப்பெட்டி ஆபீஸ் முதலாளிகள் வீட்டுப் பந்தி என்றால் அப்பாவுக்குப் பெருமையும் பயமும் சேர்ந்தே வரும். செல்வமணியின் அப்பா வீட்டு விசேஷம் என்றால் பயம் ஒரு படி கூடுதல்.

பந்தியில் உட்கார்ந்திருப்பவரிடம் சாப்பாடு எப்படி என்று கேட்டால் எந்த மனிதர் உண்மை சொல்வார்? சாம்பாரில் உப்பே இல்லாவிட்டாலும் பிரமாதம் என்பார். இலையை மூடிவிட்டு எழுந்துபோய்க் கை கழுவுகிற இடத்தில்தான், பக்கத்தில் நிற்பவரிடம் வாய் திறப்பார். செல்வமணியின் அப்பா அங்கே ஓர் ஆளை நிறுத்துவார். வெளியூர் ஆள், யாருக்கும் முகம் தெரியாது. செம்பால் தண்ணீர் ஊற்றிக்கொண்டே காதைத் தீட்டிக்கொண்டிருப்பார். அவர் சொல்வதை வைத்துத்தான் அடுத்த பந்திக்கு உத்தரவு வரும். என் அப்பா அடுப்படியிலிருந்து முதலாளியைப் பார்க்க மாட்டார். அந்தச் செம்பைப் பிடித்த ஆளையே பார்த்துக்கொண்டிருப்பார்.

இதைச் செல்வமணியிடம் சொன்னேன். "அண்ணாச்சி" என்றே ஆரம்பித்தேன். அறையில் நாங்கள் இரண்டு பேர்தான்.

"ஒங்க அப்பா கை கழுவுத எடத்துல ஆள் நிறுத்துவாவளே, ஞாபகம் இருக்கா?"

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "இல்லாமலா? அப்பா மூளையே தனிக்கா."

"இந்தப் பெட்டியும் அதுதான். இங்கன ஒங்க அப்பா மேனேஜரா இருந்தா மொத ஆளா வச்சிருப்பாவ."

"அப்பா செஞ்சிருப்பாவதான்" என்றார்.

ஆனாலும் வியாபாரி மகன் இல்லையா, சோதித்துப் பார்க்காமல் வாங்க மாட்டார். அவர் அப்போது இங்கே லெஸ்டரில் எங்கள் தமிழ்ச் சங்கத்துக்குச் செயலாளர். சங்கத்தின் இணையதளத்தில் பொங்கல் விழாப் படங்களுக்குப் பக்கத்தில் முதலில் இந்தப் பெட்டியை வைத்தார். அந்த வருடப் பொங்கல் விழாவின் லட்சணத்தை நானறிவேன். வெண்பொங்கல் அடிப்பிடித்து நாறியது. மைக் ஊளையிட்டது. குழந்தைகள் நடனம் ஆடும்போது பாட்டு நின்றுபோய், பாவம், கையைத் தூக்கியபடி அப்படியே நின்றன. கார்கள் நிறுத்துகிற இடத்தில் ஒவ்வொருவரும் காறித் துப்பாத குறைதான்.

பெட்டியில் வந்தது என்ன? மிக அருமை. சிறப்பான ஏற்பாடு. செயலாளர் அண்ணாச்சியின் உழைப்புக்குத் தலை வணங்குகிறோம். எல்லா முகமும் சிரித்த முகம்.

செல்வமணி என்னைத் தேடிப் பார்சல் அறைக்கே வந்துவிட்டார். "அக்கா, பார்த்தீங்களா? நான் எவ்வளவு பயந்துட்டேன்!" பிறகு தானாகவே சொன்னார்: "வர்ற ஒவ்வொண்ணும் முதலாளியம்மாவுக்கும் நேரா ஒரு காப்பி போற மாதிரி வச்சிருதேன். அவங்களும் பார்க்கட்டுமே."

நம் ஆட்கள் எழுத்தில் குறை சொல்ல மாட்டார்கள் என்பதும், வெள்ளைக்காரர்கள் எழுத்தில்தான் குறை சொல்வார்கள் என்பதும் அவருக்குத் தெரியவில்லை. இத்தனை வருடம் இந்த நாட்டில் இருந்தும் தெரியவில்லை. எனக்குத் தெரியும். எத்தனை போன் எடுத்தவள் நான்! ஒரு வார்த்தை சொல்லித் தடுத்திருக்கலாம். கையிலிருந்த சீலையை மடித்துக்கொண்டே, "நல்ல யோசனை அண்ணாச்சி" என்றேன்.

6

கம்பெனி இணையதளத்தில் பெட்டி வைத்த முதல் நாளே குறைகள் வந்துவிட்டன. இந்தப் பக்கத்தை எழுதியவர் வாழ்க்கையில் ஜன்னலையே பார்த்ததில்லையா என்று ஒருவர் கேட்டிருந்தார். என் வரவேற்பறைச் சீலை முழங்காலோடு நிற்கிறது, வீட்டுக்கு வருபவர்கள் சிரிக்கிறார்கள் என்று ஒரு பெண். இன்னொருவர் நாகரிகமாக ஆரம்பித்து, நாலாவது வரியில் இங்கே எழுத முடியாத சொற்களுக்கு வந்துவிட்டார். எல்லாம் அளவுப் பக்கத்தைப் பற்றித்தான். உம்மணாமூஞ்சிகள் வரிசை கட்டி வந்தன.

செல்வமணி மூன்றாம் நாளே பெட்டியை எடுத்துவிடச் சொல்லி முதலாளியம்மாவிடம் போனார். எங்கள் முதலாளி மார்கரெட், எழுபதைத் தொட்ட பெண்மணி. "எடுக்கவே கூடாது. காலைத் தேநீருக்கு எனக்கு இதைவிட நல்ல துணை கிடையாது" என்றுவிட்டார். இதைக் கேள்விப்பட்ட அன்று நான் பார்சல் அறையில் பாடிக்கொண்டே சீலை மடித்தேன்.

மாதக் கடைசியில் கூட்டம் போட்டார்கள். பார்சல் அறை ஆட்களையும் கூப்பிட்டார்கள், ஏனென்றால் திரும்பி வரும் சீலைகளைப் பற்றித்தான் பேச்சு. மார்கரெட் ஒவ்வொரு கருத்தாக வாசித்தார். செல்வமணி கழுத்துப்பட்டையைத் தளர்த்தினார். கடைசியில் மார்கரெட், வேறு ஏதாவது உண்டா என்று சுற்றிப் பார்த்தார். நான் எழுந்தேன். இதற்காகத்தானே இத்தனை மாதம் சீலை மடித்தேன்.

"வந்த கருத்துகளில் என் உச்சரிப்பைப் பற்றி எத்தனை இருக்கிறது?" என்று கேட்டேன்.

மார்கரெட் தாள்களைப் புரட்டினார். "ஒன்றும் இல்லையே."

"இப்போது நான் போனில் இல்லை. அதனால் இல்லாமல் இருக்கலாம். நான் போனில் இருந்தபோது பலர் புகார் சொன்னதாகத்தான் என்னை மாற்றினார்கள். அந்தப் புகார்களையும் இப்படி வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்."

மார்கரெட் செல்வமணியின் பக்கம் திரும்பினார். அவர், வாய்மொழியாகச் சொன்னார்கள் என்றார். யார் என்று கேட்டார் மார்கரெட். நினைவில்லை என்றார். ஒருவர்கூடவா என்றார் மார்கரெட். அந்த அறையில் இருந்த அத்தனை பேரும் அவரைப் பார்த்தார்கள். நான் மட்டும் பார்க்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். நான்தான் எல்லோரையும்விட நன்றாகப் பார்த்தேன். வயிறு குளிர்ந்தது.

7

மேனேஜர் வேலை வேறொருவருக்குப் போனது. செல்வமணி கிடங்கில் சரக்கு இருப்புப் பார்க்கும் வேலைக்கு இறக்கப்பட்டார். நான் மறுபடியும் போனுக்கு வந்தேன்.

முதல் நாள் முதல் அழைப்பு ஒரு முதியவருடையது. நான் பேசி முடித்ததும், "மன்னிக்கணும் அம்மா, ஒன்றும் புரியவில்லை" என்றார். திரும்பச் சொன்னேன். அப்போதும் புரியவில்லை. மூன்றாவது முறை, கம்பியிலிருந்து தரை வரைக்கும் என்பதைக் ஓட்டப்பிடாரம் வகுப்பறையில் சொல்வது மாதிரி ஒவ்வொரு சொல்லாக உடைத்துச் சொன்னேன். புரிந்துவிட்டது. நன்றி சொன்னார். அவருக்குக் காது மந்தமா, என் பேச்சு அப்படித்தானா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள இப்போது அவசரமும் இல்லை.

வீட்டில் கவிதாவிடம் கூட்டத்தில் நடந்ததைச் சொன்னேன். கைபேசியிலிருந்து கண்ணை எடுத்துக் கேட்டாள். "அம்மா, அந்த பாக்ஸ் வந்தா அவருக்கு ட்ரபிள்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சேதான் செஞ்சியா?"

"ஆமாட்டி."

எழுந்துபோய், ஒரு நாளும் செய்யாத அதிசயமாக, எனக்குத் தேநீர் போட்டுக்கொண்டு வந்தாள். சர்க்கரை போட மறந்திருந்தாள். குடித்தேன்.

செல்வமணி அந்த வாரமே மாடிப்படியில் என்னை மறித்தார். செல் காணாமல் போயிருந்தார்; பழைய கோவில்பட்டிக்காரர் நின்றார்.

"அக்கா, அந்தப் பெட்டி விசயத்துல நீங்க செஞ்சத நான் யார்ட்டயும் சொல்லல. நான் ஒங்களுக்குச் செஞ்சது தப்புதான். ஒண்ணே ஒண்ணு கேக்கேன். ஊருல மட்டும் சொல்லிராதீங்க. அப்பாவுக்கு நான் இன்னும் மேனேஜருதான். மெயின் ரோட்டுல நின்னு எம் பையன் லண்டன்ல மேனேஜருன்னு சொல்லிக்கிட்டு இருக்காவ. தெரிஞ்சா தாங்க மாட்டாவ."

அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கு இரக்கம் வரவில்லை. வரும் என்று நின்று பார்த்தேன், வரவில்லை.

"யோசிச்சுச் சொல்லுதேன்" என்றேன்.

அதன் பிறகு அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நான் விட்டுவிட்டேன் என்று நினைத்திருப்பார். நான் இந்த மூன்று வருடமாக யோசித்துக்கொண்டுதான் இருந்தேன். நம் ஊர்ப் பத்திரிகைகள் எத்தனையோ இருக்க, இதை எதற்கு இந்தப் பத்திரிகைக்கு எழுதுகிறேன் என்று யாராவது கேட்டால் காரணம் உண்டு. செல்வமணியின் அப்பா இதற்கு ஆயுள் சந்தாக்காரர். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அட்டையிலிருந்து கடைசி விளம்பரம் வரை ஒரு வரி விடாமல் படிப்பவர்.